அத்தியாயம் 4: கையை அளந்து பிஸ்டல் வாங்குங்கள்

நான் முதலில் வாங்கிய .22 பிஸ்டலின் கிரிப் எம் அளவு. என் கைக்கு வேண்டியிருந்தது எஸ். விற்றவர், "சுடச் சுடப் பழகிவிடும் சார்" என்றார். நானும் நம்பினேன். எட்டு மாதம் சுட்டேன். இலக்கு அட்டையில் குண்டுகள் எல்லாம் 9 மணிப் பக்கமே போய் விழுந்தன. சைட்டைத் திருப்பினேன், நிற்கும் நிலையை மாற்றினேன், மூச்சுப் பயிற்சிகூடச் செய்து பார்த்தேன். கடைசியில் ஒரு மூத்த வீரர் என் சுட்டுவிரலைப் பிடித்துப் பார்த்தார். "விரல் நுனிதான் ட்ரிகரைத் தொடுது. நீ இழுக்கலை, இடப்பக்கமாத் தள்ளுற" என்றார். கிரிப் பெரிதாக இருந்ததால் விரல் எட்டவில்லை. வலது கைக்காரர் நுனி விரலால் அழுத்தினால் குழல் இடப்பக்கம் போகும். எட்டு மாதமும் நான் திருத்தப் பார்த்த தவறு என் பழக்கத்தில் இல்லை, கையில் இருந்த மரத்தில் இருந்தது.

இந்த அத்தியாயம் 25 மீட்டர் ரேஞ்சில் சுடும் .22 விளையாட்டு பிஸ்டலைப் பற்றியது. ஏர் பிஸ்டலில் ஓராண்டாவது பழகி, கிளப் துப்பாக்கியில் .22-ம் சுட்டுப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று நீங்கள் யோசிக்கும் கட்டம் இது. லட்சக்கணக்கில் பணம் போகிற விஷயம். மாடல் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கையிலிருந்து ஆரம்பியுங்கள்.

எதைத் தொடும் முன்பும்: காலி என்று உறுதி செய்யுங்கள்

பிஸ்டல் தேடும் நாட்களில் பலருடைய துப்பாக்கிகளைக் கையில் வாங்கிப் பார்ப்பீர்கள். "காலிதான், பிடிங்க" என்று நீட்டுவார்கள். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், நீங்களும் பாருங்கள். ஒவ்வொரு முறையும், இதே வரிசையில்:

1. குழல் வாயை ரேஞ்சின் மண்மேட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். பேசும்போதும், யாராவது கூப்பிட்டால் திரும்பும்போதும் அது அங்கேயே இருக்கட்டும்.
2. சுட்டுவிரல் ட்ரிகர் கார்டுக்கு வெளியே, சட்டத்தின் மேல் நீளவாக்கில்.
3. மேகசினைக் கழற்றி மேசையில் வையுங்கள்.
4. பிறகு போல்ட்டை அல்லது ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள்.
5. சேம்பருக்குள் வெளிச்சம் படும்படி பார்த்து, தோட்டா இல்லை என்று கண்ணால் உறுதி செய்யுங்கள்.
6. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைச் சேம்பருக்குள் செருகுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: 3-ம் படியையும் 4-ம் படியையும் மாற்றிச் செய்வது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்து விட்டால், அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றினாலும் துப்பாக்கி நிறைந்தேதான் இருக்கிறது. தானியங்கிப் பிஸ்டலில் காலி என்று நினைத்து வெடிக்க வைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

காதுக் காப்பும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம். பக்கத்து லேனில் சுடுபவரின் வெற்றுத் தோட்டா உறையும் சூடாக உங்கள் மேல் வந்து விழலாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் விரல்களில் ஒட்டியிருக்கும். ரேஞ்சில் வடை, டீ எல்லாம் கை கழுவிய பிறகுதான்.

லைசென்ஸ் முதலில், முன்பணம் பிறகு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். .22 பிஸ்டல் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. மாநகரங்களில் காவல் ஆணையரிடமும் மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். கிளப் உறுப்பினர் சான்று, பயிற்சிச் சான்று, போட்டிகளில் எடுத்த மதிப்பெண் ஆகியவை விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கான தகுதியும் வழிமுறையும் தேசிய ரைபிள் சங்கமான என்ஆர்ஏஐ வழியாக நடக்கும். கிளப் செயலரிடம் உட்கார்ந்து, உங்கள் மதிப்பெண்ணுக்கு எது கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த அடி வையுங்கள். லைசென்ஸ் கைக்கு வரும் முன் யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தக் காத்திருப்புக் காலம் வீண் இல்லை. கீழே சொல்லியிருக்கும் சோதனைகளை எல்லாம் கிளப் துப்பாக்கிகளிலேயே செய்து பார்க்க அது போதுமான காலம்.

எந்தக் கை, எந்தக் கண்

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை விடுங்கள். அதன் வழியாக எதிர்ச் சுவரிலுள்ள கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பாருங்கள். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் மறையாமல் தெரிந்தால், திறந்திருக்கும் கண்தான் உங்கள் ஆளும் கண். மறைந்தால் மற்றது.

வலது கை, வலது கண் என்றால் பிரச்சினை இல்லை. வலது கை, இடது கண் என்று வருபவர்கள் கவலைப்பட வேண்டாம். சுடாத கண்ணின் முன் 30 மி.மீ. அகலம் வரை மறைப்பு வைக்கப் போட்டி விதி இடம் கொடுக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு கண்ணையும் திறந்தே சுடலாம். ஒரு கண்ணை இறுக்கி மூடிச் சுட்டால் அரை மணி நேரத்தில் முகத்தசை வலிக்க ஆரம்பிக்கும், பார்வையும் மங்கும்.

கையை மாற்றிப் பழகுவதும் நடக்கக்கூடியதுதான். ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி டகாச்சுக்கு 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. இடது கையால் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார். ஆனால் உங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லையென்றால், எந்தக் கையால் எழுதுகிறீர்களோ அந்தக் கைக்கே கிரிப் வாங்குங்கள். விளையாட்டு பிஸ்டல் கிரிப்புகள் வலது, இடது என்று தனித்தனியாகவே வரும். ஒன்றை மற்றதற்கு மாற்றிப் பிடிக்க முடியாது.

கிரிப்: இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள்

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 25 மீட்டர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே விதிப்படி அதிகபட்சம் 220 மி.மீ. இருக்கலாம். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் 1 மி.மீ. நகர்ந்து நின்றால், 25 மீட்டரில் குண்டு சுமார் 11 செ.மீ. தள்ளிப் போகும். துல்லியச் சுற்று அட்டையில் 10-ம் வளையத்தின் விட்டமே 5 செ.மீ.தான். ஆனால் சைட்டுகள் ஒரே நேர்க்கோட்டில் இருந்து, கை மொத்தமாக 1 செ.மீ. ஆடினால் குண்டும் 1 செ.மீ. மட்டுமே விலகும். கை ஆடுவதை யாராலும் முழுக்க நிறுத்த முடியாது. மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் பூட்டிக்கொண்டால் போதும். அந்த வேலையைச் செய்வது கிரிப்.

சோதனை இப்படி. பிஸ்டல் காலி, மேகசின் மேசையில். பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு, சுடும் கோட்டில் மட்டும்:

1. சுடாத கையால் குழல் பகுதியைப் பிடித்து, கிரிப்பைச் சுடும் கைக்குள் திணியுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள வளைவு கிரிப்பின் மேல்முனையில் போய் முட்ட வேண்டும். நடுவில் காற்று நுழைய இடம் இருக்கக் கூடாது.
2. நடுவிரல் ட்ரிகர் கார்டின் அடியைத் தொட்டுக்கொண்டு படிய வேண்டும். மற்ற இரண்டு விரல்களும் தமக்கான பள்ளத்தில் உட்கார வேண்டும். சுண்டுவிரல் தன் பள்ளத்தை முழுக்க எட்டாவிட்டால் கிரிப் பெரிது.
3. உள்ளங்கையின் அடிப்பக்கம் கீழ்த்தட்டின் மேல் பட வேண்டும், நசுங்கக் கூடாது. தட்டை இறக்கி ஏற்றத் திருகு இருக்கும். முதலில் முழுக்க இறக்கிவிட்டுப் பிடித்துப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.
4. சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதைப்பகுதி, அதன் நடு, ட்ரிகரில் படிய வேண்டும். விரலின் மற்ற பகுதி மரத்தைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும். தொட்டால், ட்ரிகரை இழுக்கும்போது துப்பாக்கியையும் சேர்த்துத் தள்ளுவீர்கள்.
5. இப்போது கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில் நிற்கிறதா?

5-ம் படியைப் பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் கண்டதை எழுதி வையுங்கள். "இடம், இடம், நடு, இடம்…" பத்தில் எட்டு முறை ஒரே பக்கம் விலகினால் அது கிரிப்பின் கோணம், திருத்திக்கொள்ளலாம். ஒருமுறை இடம், ஒருமுறை வலம், ஒருமுறை மேலே என்று கலைந்து வந்தால் கை கிரிப்புக்குள் நிலைக்கவில்லை என்று பொருள். அளவு மாற்றிப் பாருங்கள்.

குறிப்பு: கை நன்றாக ஓய்ந்திருக்கும் காலையில் ஒருமுறையும், சுட்டுக் களைத்த மாலையில் ஒருமுறையும் சோதியுங்கள். நம் ஊர் வெயிலில் கை வீங்கி வியர்க்கும். காலையில் கச்சிதமாக இருந்த கிரிப் மதியம் இறுகும்.

மேகசின் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கடையில் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை, கைப்பொருத்தத்துக்கு இது முக்கியம். ஹேமர்லி 208 போன்ற பழைய வடிவங்களில் மேகசின் கிரிப்புக்குள் போகும். அதனால் கிரிப்பின் உட்பகுதி எப்போதும் ஓரளவு பருமனாகத்தான் இருக்க முடியும். 1960-களின் இறுதியில் வந்த வால்தர் ஜிஎஸ்பியிலும், இன்று நம் வீரர்கள் பலர் கையில் இருக்கும் பார்டினி எஸ்பியிலும் மேகசின் ட்ரிகருக்கு முன்னால் இருக்கிறது. கிரிப் வெறும் மரம். எவ்வளவு வேண்டுமானாலும் செதுக்கலாம், கோணத்தையும் மாற்றலாம். சிறிய கை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு, நான் இரண்டாவது வகையையே சொல்வேன்.

எடை

விதியின் உச்சவரம்பு 1,400 கிராம். விளையாட்டு பிஸ்டல்கள் பல 1 கிலோவைச் சற்றுத் தாண்டி இருக்கும். ஒருமுறை தூக்கிப் பார்த்து "லேசாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். போட்டியில் 30 ரவுண்டு துல்லியச் சுற்று, 30 ரவுண்டு வேகச் சுற்று. வேகச் சுற்றில் கையை 45 பாகை தாழ்த்தி நிற்க வேண்டும். இலக்கு 3 விநாடி தெரியும், அதற்குள் உயர்த்திச் சுட வேண்டும். பிறகு 7 விநாடி மறைவு. இப்படி ஐந்து முறை ஒரு தொடர்.

அதையே வெறும் துப்பாக்கியில் செய்து பாருங்கள். நண்பர் ஒருவர் விநாடி எண்ணட்டும். ஆறு தொடர், அதாவது 30 தூக்கல். கடைசித் தொடரில் முன் சைட் முதல் தொடரில் வந்த இடத்துக்கே வந்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி. முன்பக்கம் கனமான பிஸ்டல் துல்லியச் சுற்றில் அசையாமல் நிற்கும், வேகச் சுற்றில் தாமதமாக ஏறும். தோள் வலுவில்லாதவர்கள் எடை குறைந்ததை வாங்கிவிட்டு, வலு கூடியதும் முன்பக்கம் எடைக்கட்டி சேர்ப்பது நல்லது. எடையைச் சேர்ப்பது எளிது, குறைப்பது கடினம்.

ட்ரிகர்

.22 பிஸ்டலில் ட்ரிகர் எடை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முன் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். எடை எழ வேண்டும், ட்ரிகர் விடுபடக் கூடாது. நான் 1,030 கிராம் அளவில் வைக்கச் சொல்வேன். சரியாக 1,000-ல் வைத்தால் தூசி, எண்ணெய், தேய்மானம் ஏதோ ஒன்று போட்டி நாளில் காலை வாரும்.

ஏர் பிஸ்டலின் 500 கிராமில் பழகிய விரலுக்கு இது முதலில் பாறை மாதிரி இருக்கும். அதனால் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். முதல் கட்டம் மென்மையாக நகர்ந்து, ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்க வேண்டும். அங்கிருந்து அழுத்தத்தைக் கூட்டினால் இழுபறி இல்லாமல் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விடுபட வேண்டும். ட்ரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்த வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். குட்டை விரல்காரருக்கு அந்தச் சில மி.மீ. பெரிய உதவி.

எச்சரிக்கை: .22 பிஸ்டலைக் காலியாக வைத்து அப்படியே ட்ரிகரை இழுக்காதீர்கள். அடிக்கும் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதி இரண்டையும் கெடுக்கும். வெற்றுப் பயிற்சிக்கென்று தனி அமைப்பு உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

மின்னணு ட்ரிகர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: அது அருமையாகத்தான் இருக்கும். ஆனால் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் நம் வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கியில் கோளாறு வந்து, அதைச் சரி செய்வதிலேயே நேரம் போனது. 575 புள்ளியோடு 12-வது இடம். இறுதிச்சுற்றுக்கு எட்டு பேருக்குத்தான் இடம். 2024 பாரிஸில் அவர் அதே பிரிவில் வெண்கலம் வென்றதை நாடே கொண்டாடியது, எனக்கும் அன்று கண் கலங்கியது. முதல் துப்பாக்கி வாங்கும் உங்களுக்கு, பழுது பார்க்க ஆள் பக்கத்தில் இருக்கும் சாதாரண இயந்திர ட்ரிகரே போதும்.

சுட்டுப் பார்ப்பது

1. துல்லியத்துக்குப் பிஸ்டலைத் தாங்கியில் வைத்து, ஒரே வகைத் தோட்டாவில் 5 ரவுண்டு வீதம் நான்கு அட்டை. 25 மீட்டரில் ஒவ்வொரு அட்டையிலும் ஐந்தும் 10-ம் வளையத்தின் பாதி அளவுக்குள் அடங்க வேண்டும்.
2. வேறு இரண்டு வகைத் தோட்டாவிலும் அதையே செய்யுங்கள். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி எடுத்தால்கூட ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது.
3. பிறகு கையில் பிடித்து 50 ரவுண்டு. உறை சிக்குகிறதா, அடுத்த தோட்டா ஏறாமல் நிற்கிறதா என்று கணக்கு வையுங்கள்.

தரநிலை வேகம் என்று பெட்டியில் போட்டிருக்கும் தோட்டாக்களை மட்டும் பயன்படுத்துங்கள். விளையாட்டு பிஸ்டல்களின் சுருள்வில் பெரும்பாலும் அதற்கென்றே அமைத்தது. அதிவேகத் தோட்டா போல்ட்டைப் பலமாக அடித்துச் சட்டத்தைப் பழுதாக்கும்.

சிக்கல் வந்தால் உடனே பிஸ்டலைக் குறை சொல்ல வேண்டாம். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தாலும் போல்ட் முழு தூரம் பின்னால் போகாமல் உறை சிக்கும். பயிற்சியாளர் ஒருவர் சுட்டும் அதே கோளாறு வந்தால், துப்பாக்கியிலோ மேகசினிலோதான் பிழை. மேகசினை மாற்றிப் போட்டுச் சுட்டால் எதில் என்று தெரிந்துவிடும். ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் குழலை மேட்டை நோக்கியே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள். அதன் பிறகே திறக்க வேண்டும்.

பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு

நல்ல வீரர் அடுத்த மாடலுக்குப் போகும்போது விற்கும் பிஸ்டல், புதியதைவிடச் சிறந்த பேரமாக அமையலாம். வரிசை எண் அவரது லைசென்ஸில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள், எழுத்து எழுத்தாக. அடுத்து, விளக்கு வைத்துக் குழலின் உள்ளே பாருங்கள். பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், துருப்புள்ளி இருக்கக் கூடாது. கடலோர ஊர்த் துப்பாக்கியென்றால் இதை இரண்டு முறை பாருங்கள். போல்ட்டிலும் சட்டத்திலும் மயிரிழை விரிசல், சேம்பர் விளிம்பில் ஊசி பதிந்த தடம், மேகசின் உதடுகளில் வளைவு ஆகியவற்றையும் தேடுங்கள். முந்தையவர் செதுக்கிய கிரிப் உங்கள் கைக்குப் பொருந்தாது. புதுக் கிரிப்பின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு: கிரிப்பைக் கைக்குச் செதுக்குவது

சரியான அளவு வாங்கினாலும் கடைசி ஒரு மி.மீ. உங்கள் வேலைதான். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "சார், இருபது ரவுண்டுக்கு மேல கட்டைவிரல் மரத்துப் போகுது" என்றாள். அவள் உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவி, கிரிப்பைப் பிடித்து விடச் சொன்னேன். கறுப்பான வால்நட் மரத்தில் வெள்ளையாகக் கைத்தடம் விழுந்தது. கட்டைவிரல் அடிச்சதை இருக்கும் இடத்தில் ஒரு காசளவு மட்டும் அடர்வெள்ளை, சுற்றிலும் ஒன்றுமில்லை. மொத்த அழுத்தமும் அந்த ஒரு மேட்டில். உப்புத்தாளால் நாலு இழுப்பு, மறுபடி தூள், மறுபடி தடம். மூன்றாவது முறை வெள்ளை பரவலாக விழுந்தது. அவள் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப கை அங்க இருக்கறதே தெரியலை சார்" என்றாள்.

நீங்களும் அதையே செய்யுங்கள்:

1. பிடித்துப் பார்க்கும்போது துப்பாக்கி காலி, சேம்பரில் கொடி. செதுக்கும்போது கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து கழற்றிவிடுங்கள். மரத்தூள் ட்ரிகருக்குள் போனால் அது வேறு தலைவலி.
2. தூள் தடவி, பிடித்து, தடம் பாருங்கள்.
3. அடர்ந்த இடத்தில் உப்புத்தாள். ஒரு தடவைக்கு நாலைந்து இழுப்புக்கு மேல் வேண்டாம்.
4. தடமே விழாத பள்ளத்தில் மரப்புட்டி வைத்து, ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பாலித்தீன் உறை மாட்டிய கையால் பிடித்து அச்சு எடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும்.
5. ஒரு வாரம் சுட்டுப் பாருங்கள். அதன் பிறகே அடுத்த திருத்தம்.
6. எல்லாம் முடிந்ததும் மரத்துக்கு எண்ணெய்ப் பூச்சு. இல்லையென்றால் ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து அளவு மாறும்.

விதி நினைவில் இருக்கட்டும்: கீழ்த்தட்டு கையின் பக்கவாட்டில் மேல்நோக்கி வளையக் கூடாது. கிரிப் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. கட்டைவிரல் வளைவின் மேல் படியும் பின்பகுதி 30 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது. கடைசியில் முழு பிஸ்டலும் 300 × 150 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி வைக்கும்போது பருமன் 50-ஐத் தாண்டுவதுதான் வழக்கமாக நடப்பது. அளவுகோல் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

எல்லாம் பொருந்திய அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, ட்ரிகர் எடை, சைட் எத்தனை கிளிக், தோட்டாவின் வகையும் லாட் எண்ணும், கீழ்த்தட்டின் உயரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பிறகு நகப்பூச்சு எடுத்து, ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை ஒரு மெல்லிய கோடு போடுங்கள். திருகு அசைந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். ரேஞ்சில் பெட்டியைத் திறந்து, காலி என்று பார்த்த கையோடு அந்தக் கோடுகளையும் பாருங்கள்.